அவ ஒரு மாதிரி

விஜய்பாண்டிக்கு என்னைத்தான் கேட்டு வருவார்கள் என்று அம்மா இரண்டு வருடமாகக் கம்பம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். முறைப்பையன், ஆண்டிபட்டியில் சொந்தமாக உரக்கடை. 2002 தை பிறந்ததும் அவன் அம்மா ராக்கம்மாள் அத்தை வரத்தான் செய்தாள், என் கூட்டாளி அனுசுயாவைப் பற்றி என்னிடம் விசாரிக்க.

"நீயும் அவளும் ஒண்ணாத்தானத்தா ஏலக்காத் தோட்டத்துக்குப் போறீக? புள்ள எப்படி?"

எனக்கு வயிறு எரிந்தது. அனுசுயா என்னைவிட நிறம், அது போகட்டும். என் முடிதான் நீளம். அதை ஒருத்தரும் சொல்லக் காணோம். சிடுமூஞ்சிக் கங்காணி கூட அவளைக் கண்டால் பல்லைக் காட்டுகிறான். இப்போது மாப்பிள்ளையும் அவளுக்கா?

"அவ ஒரு மாதிரி, அத்த."

எங்கள் பக்கம் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. திருடி என்றால் எதைத் திருடினாள் என்பார்கள். இதற்கு மட்டும் விளக்கம் கிடையாது. மிச்சத்தைக் கேட்பவர்களே மனதுக்குள் நிரப்பிக்கொள்வார்கள். நாளைக்கு யார் வந்து சண்டை போட்டாலும், நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று கேட்கலாம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "தோட்டத்து ஜீப்புல எப்பவும் டிரைவர் சுருளி பக்கத்துலதான் உக்காருவா" என்றேன்.

அது உண்மை. கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுக்கிறவர்களுக்கு முன் சீட்டை விடுவது எங்கள் ஜீப்பில் வழக்கம். அனுசுயாவுக்கு மூன்றாவது வளைவிலேயே குமட்டிவிடும். மலையேறாத அத்தைக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

அத்தையின் முகம் சுண்டிப்போனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சர்க்கரை கூடப் போட்டுக் காபி கலந்து கொடுத்தேன்.

"நல்லவேள சொன்ன. அவ அமையலைன்னா ஒன்னையத்தான் கேக்கணும்னு இருந்தேன்."

வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஆமா, நீயும் அதே ஜீப்புலதான போற?"

"ஆமா அத்த. நான் பின்னாடிதான், பொம்பளைகளோட..."

"எத்தன வருசமா?"

"நாலு வருசமா."

அவள் கண் என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்தது. பதறிப்போய் உண்மையைக் கொட்டினேன். "அது வாந்திக்குத்தான் அத்த. வாந்தி வர்றவுகதான் முன்னாடி உக்காருவாக. அவ தங்கமான புள்ள. சுருளி அண்ணனும் நல்லவுக."

"இப்ப எதுக்கு இம்புட்டுப் பரிஞ்சு பேசுற? கூட்டாளியக் காப்பாத்தவா, இல்ல ஒன்னையக் காப்பாத்திக்கவா?" அத்தை பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எங்களுக்கு அந்த ஜீப்புல போற பொண்ணே வேணாம்த்தா."

அனுசுயா நல்லவள், நல்லவள் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போனேன். அத்தை திரும்பிப் பார்க்கவேயில்லை.