பிஸ்மிக்குப் பிறகு ஒரு மூச்சு

மீராமுகைதீன் மோதினாருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யாராவது புத்தி சொல்ல வந்தால், வந்தவர் வாயைத் திறக்குமுன்னே "ஓம் ஓம்" என்று தலையாட்டி அனுப்பிவிடுவார். கல்முனைக்குடியில் கடற்கரையோரம் ஒரு சின்னப் பள்ளிவாசலில், இருபத்தெட்டு வருஷமாக ஐந்து வேளையும் பாங்கு சொல்லித் தொழுகைக்கு ஆள் கூப்பிடுகிறவர். வயது அறுபத்தாறு. அவருக்குப் போய் யார் எதைச் சொல்லிக்கொடுப்பது?

ஆனால் அவருடைய நெஞ்சு அவரிலும் பிடிவாதமாக இருந்தது. மோதினார் ஆகுமுன் பதினைந்து வருஷம் அரிசி மில்லில் உமித்தூசுக்குள் நின்ற நெஞ்சு அது. பீடியும் குடித்திருக்கிறார், அந்தக் கதையை டொக்டர் எடுத்தால் மட்டும் காது மந்தமாகிவிடும். நாலைந்து வருஷமாக இழுப்பு. கிணற்றடிக்குப் போய்வரவும் இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு நவம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை, பொறுக்க முடியாதது நடந்தது. பாங்கில் "ஹய்ய அலல் ஃபலாஹ்", வெற்றிக்கு வாருங்கள், என்று நீட்டப்போனவருக்கு நடுவிலே மூச்சு அறுந்து இருமல் வந்தது. அந்த இருமலை ஒலிபெருக்கி ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அன்று பின்னேரம் பள்ளியின் பொறுப்பாளர் காலிதீன் மரைக்கார் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். காலிதீன் நல்ல மனிதர். ஏசத் தெரியாது. ஏசியிருந்தால்கூட மோதினார் திருப்பி நாலு கதைத்திருப்பார்.

"மோதினார், குறை நெனைக்காதீங்க. நோம்பு வரப்போகுது. சனம் நிறைய வரும். நோம்புக்கு முந்தின வெள்ளி ஜும்ஆவுக்கு நீங்களே பாங்கு சொல்லுங்க, பாப்பம். ஏலாதெண்டா வேற ஆளத்தான் போட வேணும். மருந்து எடுக்கிறீங்கதானே?"

"ஓம் ஓம்," என்றார் மோதினார். எழும்பி வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, பெண்சாதி றபீக்கா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி ஆறும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன நடந்த?" என்று றபீக்கா கேட்டாள்.

"அஞ்சு கிழமை இரிக்கி," என்றார். நோம்புக்கு முந்திய வெள்ளிவரை அவருக்குக் கிடைத்த ஐந்து வாரம் அது. பாங்கு போனால் அவரிடம் மிஞ்சுவது என்னவென்று அவருக்கே தெரியவில்லை.

மருந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தார், அதில் பொய்யில்லை. ஒரு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் பம்ப் ஒன்று கொடுத்திருந்தார்கள். வாயில் வைத்து அமத்தி உறிஞ்சுகிற சின்னப் பம்ப். காலையில் இரண்டு, இரவில் இரண்டு. ஒரு நாளும் தவறவில்லை. மருந்துதானே, மரியாதை வேண்டாமா? கதவைச் சாத்தி, தொழுகிற திசையான கிப்லாவைப் பார்த்து இருந்து, தொப்பி போட்டுத்தான் அடிப்பார். அப்படியும் குணமில்லை என்றால் அல்லாஹ்வின் நாட்டம் என்று இருந்துவிட்டார்.

அடுத்த கிளினிக் நாளில் மருந்துத் துண்டு கொடுக்கும் இடத்தில் அவரை மறித்து, பக்கத்து மண்டபத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இழுப்புக்காரர் பத்துப் பன்னிரண்டு பேர் வாங்கில்களில் இருந்தார்கள். எல்லோரும் வயதானவர்கள். முன்னால் மேசையில் ஒரு கொம்பியூட்டர். கொழும்பிலிருந்து ஒரு சங்கத்தார் அனுப்பியதாம். வரும் வழியில் நாலு சோதனைச் சாவடியில் இறக்கி, மூடியைக் கழற்றிப் பார்த்து, திரும்ப ஏற்றிய பெட்டி.

"படம் போடப் போறாங்களாம் காக்கா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் பக்கத்தில் இருந்த நற்பிட்டிமுனைச் செல்லத்தம்பி. வயல்காரர், இவரைப் போலவே நெஞ்சு கீச்சிடுகிறவர். "நம்மட வயசுக்கு என்ன படம் போடுவாங்க?"

"வந்த அலுவல முடிச்சிப்போட்டுப் போவம்," என்றார் மோதினார்.

சுஜித்தா என்ற பிள்ளைதான் சொல்லிக்கொடுக்க நின்றது. காரைதீவு. இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். காரைதீவுக்கும் கல்முனைக்குடிக்கும் பஸ்ஸில் போனால் கொஞ்ச நேரம்தான். ஆனால் அது தமிழ் ஊர், இது முஸ்லிம் ஊர். அந்த வருஷங்களில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பார்த்துத்தான் கதைத்தன. ஒரு சொல் வழுக்கினால் போதும், கடைகள் பூட்டும் காலம். அந்தப் பிள்ளை ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்துப் பேசுவதை மோதினார் கவனித்தார்.

பிறகு திரையில் நெஞ்சு வந்தது.

மோதினார் அதுவரை தன் நெஞ்சைப் பற்றி ஒன்றும் நினைத்ததில்லை. உள்ளே ஒரு பை இருக்கும், காற்று போய்வரும், அவ்வளவுதான். இப்போது பெருவாய்க்கால் போல ஒரு குழாய் தொண்டையிலிருந்து இறங்கி, இரண்டாகி, நாலாகி, கிளை வாய்க்கால்களாகப் பிரிந்து பிரிந்து போய், கடைசியில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குமிழ்களில் முடிந்தது. அவை எல்லாம் ஒரே நேரத்தில் விரிந்தன, ஒரே நேரத்தில் ஒடுங்கின. யாரும் சொல்லாமலே. தமிழில் ஒரு குரல் விளக்கிக்கொண்டிருந்தது. அவருக்குக் காதில் விழவில்லை.

"சுப்ஹானல்லாஹ்," என்றார் மெதுவாக. "இவ்வளவும் எனக்குள்ளயா, மகள்?"

"ஓம் ஐயா. எல்லாருக்குள்ளயும்."

அறுபத்தாறு வருஷம் இதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். மில்லுக்கும் கொண்டுபோய் உமியைப் போட்டிருக்கிறார். பீடிப் புகையையும் விட்டிருக்கிறார். ஒரு நாளாவது அது வேலை செய்யமாட்டேன் என்று நின்றதில்லை. நினைக்க நினைக்க அவருக்கு உடம்பு கூசியது. செல்லத்தம்பியும் பகிடியை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எல்லோரும் ஒவ்வொருவராக எழும்பி, மருந்தில்லாத பம்பை வைத்து எப்படி அடிப்பதென்று காட்ட வேண்டியிருந்தது. மோதினாரின் முறை வந்தது. நேரே இருந்தார். தொப்பியைச் சரிசெய்தார். பம்பை உதட்டருகே பிடித்தார். அமத்தினார். அமத்துகிற அதே நேரத்தில், எதைத் தொடங்கினாலும் சொல்கிறாரே, அந்த பிஸ்மியையும் சொன்னார். சும்மா முணுமுணுப்பதல்ல, மோதினார் அல்லவா, "பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்" என்று ஒவ்வொரு எழுத்தையும் அதன் இடத்தில் வைத்து, நெஞ்சில் இருந்த காற்று தீரும்வரை அழகாக நீட்டிச் சொன்னார்.

சுஜித்தாவின் முகம் மாறியது. ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, வாசல் பக்கம் பார்த்தது. பிறகு மேசைக்குப் போய் எலியை அசைத்தது. கொம்பியூட்டரில் பிடித்து நகர்த்துவார்களே, அதை.

"ஐயா, இன்னொரு படம் இரிக்கி. பாருங்க," என்றது.

திரையில் ஒரு மனிதன். பம்பை வாயில் வைத்து அமத்துகிறான். நீலப் புள்ளிகளாக மருந்து பாய்கிறது. அந்த நேரம் பார்த்து அவன் வாயசைத்துக் கதைக்கிறான். உள்ளேயிருந்து வருகிற காற்று மருந்தைத் தொண்டையிலேயே மறித்து, அப்படியே வெளியே தள்ளுகிறது. கீழே வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கின்றன.

"திரும்பப் போடுங்க, மகள்."

போட்டது. மூன்றாம் தரமும் போடச் சொன்னார்.

"அந்த ஆள் என்ன சொல்றான்?"

"என்னவோ ஐயா." அந்தப் பிள்ளை மறுபடி வாசலைப் பார்த்தது. "எதச் சொன்னாலும் மூச்சு வெளியதானே போகும்."

இந்தப் பிள்ளை ஏன் வாசலைப் பார்த்தது என்று மோதினாருக்கு அப்போதுதான் விளங்கியது. பிஸ்மியை நிறுத்துங்கள் என்று ஒரு மோதினாருக்குச் சொல்ல வேண்டி வந்துவிட்டதே என்று அது பயந்திருக்கிறது. பாவம் பிள்ளை. அவருக்குக் கண் கலங்கியது. வெட்கத்தினால் அல்ல. ஒரு வருஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டு, அத்தனை மருந்தையும் அழகான கிராஅத்தோடு ஓதி ஓதிச் சுவருக்கு அடித்திருக்கிறார். அதை யாராலும் பார்த்திருக்க முடியாது. அவராலும் முடியாது. காற்றுக்குள் நடந்ததை ஒரு பெட்டி பிடித்துக் காட்டிவிட்டது.

"பயப்பிடாதீங்க மகள்," என்றார். "பிஸ்மி தொடக்கத்துக்குத்தானே. நான்தான் அத நடுவுக்குள்ள கொண்டு போட்டுட்டன். முந்திச் சொல்லிப்போட்டு அடிச்சாச் சரிதானே?"

"ஓம் ஐயா, ஓம்." பிள்ளைக்கு உயிர் வந்தது. "முதல்ல அதச் சொல்லுங்க, முழுசாச் சொல்லுங்க. சொல்லி முடிய நெஞ்சும் வெறுமையாகிரும், அதுவும் நல்லதுதான். பிறகு பம்ப அமத்திக்கொண்டு மெதுவா உள்ளுக்கு இழுங்க. இழுத்து, பத்து எண்ணும் வரைக்கும் மூச்சப் பிடிங்க. நோம்பு காலத்துல விடியமுன்ன சஹருக்கு ஒருக்கா, நோம்பு திறந்த பிறகு ஒருக்கா அடிக்கலாம்."

"மூச்சுப் பிடிக்கிறத எனக்குப் படிப்பிக்காதீங்க," என்றார் மோதினார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து, அதனால் இருமி, இருமலோடும் சிரித்தார்.

கிளம்பும்போது சுஜித்தா ஒன்றையும் ஒளிக்கவில்லை. "ஐயா, பழுதானது திரும்பி வராது. இரிக்கிறதக் காப்பாத்தலாம். பீடிய மட்டும் தொடவே கூடாது."

இந்த முறை அவர் "ஓம் ஓம்" சொல்லவில்லை. ஒரே ஒரு "ஓம்" சொன்னார்.

முதல் கிழமை ஒன்றும் தெரியவில்லை. மோதினாருக்குக் கோபம்கூட வந்தது, பெட்டி பொய் சொல்லிவிட்டதோ என்று. மூன்றாம் கிழமை ஒரு காலை, கிணற்றடிக்குப் போய்த் திரும்பியவரை றபீக்கா மறித்தாள்.

"எங்கயும் நிக்காம வந்தீங்களா?"

அவர் திரும்பி வந்த வழியைப் பார்த்தார். நிற்கவில்லைதான். றபீக்கா அழுதுவிட்டாள். பிறகு, அழுததை மறைக்கத் தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டுவிட்டாள்.

நோம்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை பள்ளி நிறைந்திருந்தது. ஏலாமல் போனால் சொல்வதற்கென்று புது ஆள் ஒருவரும் முன்வரிசையில் இருந்தார். காலிதீன் மரைக்கார் மோதினாரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோதினார் காதில் விரல் வைத்தார்.

தொடங்கினார். பழைய குரல் இல்லை. பழைய நீட்டும் இல்லை. நீட்டினால் என்ன ஆகும் என்று அவருக்கு இப்போது தெரியும். திரையில் கண்ட வாய்க்கால்களை நினைத்துக்கொண்டு, தண்ணீர் இருக்கும் அளவுக்கே பாய்ச்சினார். "ஹய்ய அலல் ஃபலாஹ்" வந்தது. காலிதீனின் தோள்கள் இறுகின. அந்த வசனம் அறுபடாமல் போய் முடிந்தது. இரண்டாம் தரமும் முடிந்தது. தக்பீர் சொன்னார். கடைசிக் கலிமாவையும் சொல்லி முடித்தார்.

ஒலிபெருக்கியை நிறுத்தக் கை போனது, பாதியில் நின்றது. மற்றக் கை நெஞ்சில் இருந்தது. அசையாமல் நின்றார். புது ஆள் எழும்பப் பார்த்தார். காலிதீன் மரைக்கார் அவரை முந்திக்கொண்டு ஓடிவந்து தோளைப் பிடித்தார்.

"என்ன மோதினார், நெஞ்சு நோகுதா?"

"நோவில்ல மரைக்கார்," என்றார் மீராமுகைதீன். கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. "பாங்கு முடிஞ்சிட்டு. மூச்சு இன்னம் மிச்சம் இரிக்கி."