ஐந்தாம் இலக்கக் காரணம்

விதுர்ஷாவை நான் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு கணக்கைத் திருத்தினேன், அவ்வளவுதான். இப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கே வாய் புளித்துவிட்டது. பதினேழு வயதுப் பிள்ளையை, சாதாரண தரப் பரீட்சைக்கு இருபத்திரண்டு நாள் இருக்கும்போது, புத்தகத்துக்கு முன்னால் இருந்து எழுப்பிக் கொண்டுபோனார்கள். அதற்குக் காரணம் என் அறிக்கை.

2009, யுத்தம் முடிந்த வருஷம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்துவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் மதிப்பீட்டு உத்தியோகத்தராக இருந்தேன். சுனாமிக் காசு வற்றிக்கொண்டிருந்தது. மூன்று கல்வித் திட்டங்களில் ஒன்றுக்குத்தான் இனிப் பணம் என்றார்கள். ஒன்று சைக்கிள் கொடுப்பது, ஒன்று காலைக் கஞ்சி, மற்றது மாலை வகுப்பு. ஒரு பிள்ளையைக் கூடுதலாக ஒரு வருஷம் படிக்கவைக்க எதற்குக் குறைந்த செலவு என்று பார்த்துச் சொல்வது என் வேலை. செத்த வீட்டில் பந்தியைக் கணக்கெடுப்பது போன்ற வேலைதான். ஆனால் அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று திட்டமும் சேர்ந்து ஓடிய ஒரே ஆண்டு 2006. அதைத்தான் ஒப்பிட்டோம். கஞ்சி ஆரம்பத்திலேயே விழுந்துவிட்டது. ஒரு பிள்ளையின் ஒரு வருஷத்துக்கு, சைக்கிளுக்கு நாலாயிரத்து அறுநூறு ரூபாய் செலவு வந்தது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் சுலோஜனா டீச்சர் நடத்திய மாலை வகுப்புக்கு மூவாயிரத்துத் தொளாயிரம். தகரக் கொட்டில், ஒரு கரும்பலகை, மாதம் மூவாயிரம் ரூபாய் கொடுப்பனவு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஊரின் பேரைச் சொல்லமாட்டேன். சொன்னதெல்லாம் போதும்.

"இவ்வளவு நல்ல இலக்கமா? திரும்பப் பாருங்கள்" என்றார் கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர். எனக்குச் சுருக்கென்றது. என் கணக்கிலா பிழை? அன்றிரவே டீச்சரின் வரவு இடாப்பை விரித்தேன்.

ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஒருநாள் வருவார்கள், ஒருநாள் வரமாட்டார்கள். காய்ச்சல், வயல் வட்டையில் அறுவடை, வாவியில் இறால் படும் காலம் என்று ஏதாவது இருக்கும். எல்லாப் பேருக்கு நேரேயும், வந்த நாளுக்குப் போட்ட கோடுகளுக்கு நடுவே, வராத நாளுக்குச் சைபர்கள் இருந்தன. மூன்று பேருக்கு மட்டும் ஒரு சைபரும் இல்லை. வருஷம் முழுக்க ஒருநாள் தவறாமல் வந்திருக்கிறார்கள். அந்த மூன்று பேருக்கும் ஒரு பரீட்சையிலும் ஒரு புள்ளியும் இல்லை.

கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் மறுநாளே தோணித் துறையைத் தாண்டிப் போனேன்.

டீச்சர் மறைக்கவில்லை. "அந்த மூண்டு பிள்ளையளும் வகுப்பில இருக்கேல்ல தம்பி. தைப் பொங்கலுக்கு மறுகா இயக்கம் புடிச்சிக்கொண்டு போயிட்டு. வீட்டுக்கு ஒராள் எண்டு கேட்ட காலம்."

"அப்ப ஏன் டீச்சர் வரவு போட்டீங்க?"

"சீதேவி வந்து காலில விழுந்தா. விதுர்ஷாட தாய். கடல் வந்த அண்டைக்குப் புரிசனையும் சின்னவனையும் குடுத்திட்டு, இஞ்சால தமக்கை வீட்ட வந்து கிடந்த மனிசி. சின்னவன்ட பேரப் பள்ளிக்கூட இடாப்பில சிவப்பால வெட்டினத அவ கண்ணால கண்டவ. 'இவள்ட பேர வெட்டிப்போடாதீங்க டீச்சர், வெட்டினா இவளும் வரமாட்டாள்' எண்டா. நான் என்ன செய்யிற? ஒரு கோடுதானே எண்டு போட்டன். ஒருத்திக்குப் போட்டா மத்தத் தாய்மாரும் கேப்பாங்கதானே. மூண்டு பேருக்கும் போட்டன்."

மற்ற இருவரும் திரும்பவில்லை. விதுர்ஷா மட்டும் வாகரைச் சண்டையில் தப்பி, காட்டு வழியால் நடந்து, 2007இல் வீடு சேர்ந்தாள். அந்த வருஷமே ஊர் இயக்கத்திடமிருந்து இராணுவத்தின் கைக்கு மாறியது. வீடு வீடாகப் பதிந்தபோது, போன வருஷம் எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். டீச்சர் இடாப்பைக் கொண்டுபோய்க் காட்டினார். வகுப்பிலே இருந்திருக்கிறாள், ஒருநாள் விடாமல். விட்டுவிட்டார்கள்.

"அவள் இந்த மார்கழி ஓ.எல் சோதின எடுக்கிறாள். கணக்கில கெட்டிக்காரி. உங்கட கணக்கில இருந்து மூண்டு பேரையும் கழிச்சிப்போடுங்க தம்பி. ஆனா ஏன் எண்டு மட்டும் எழுதாதீங்க."

"சரி டீச்சர்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

சொல்வது சுலபம். இடைவிலகிய பிள்ளைக்கு ஒரு காரண இலக்கம் போடாவிட்டால் கணினி மேலே நகராது. ஒன்று வறுமை, இரண்டு திருமணம், மூன்று நோய், நாலு இடப்பெயர்வு, ஐந்து ஆட்சேர்ப்பு, ஒன்பது வேறு. ஒன்பதைப் போட்டேன். செலவு ஐயாயிரத்து இருநூறாக ஏறியது. சைக்கிள் வென்றது, டீச்சரின் கொட்டில் மூடப்படும். அழித்துவிட்டு ஐந்தைப் போட்டேன். ஆட்சேர்ப்பால் போனவர்கள் திட்டத்தின் தோல்வியல்ல, அவர்களைக் கணக்கிலிருந்தே விலக்கலாம் என்று விதி இருந்தது. நாலாயிரத்து முந்நூற்று முப்பது. மாலை வகுப்பு வென்றது.

முப்பத்தைந்து பிள்ளைகளின் வகுப்பைக் காப்பாற்றிவிட்டேன் என்று துள்ளினேன். தாளில் இலக்கம்தானே இருக்கிறது, பேர் இல்லையே. ஆனால் ஐந்தாம் இலக்கத்துக்கு ஆதாரம் வேண்டும் என்றார் ஆலோசகர். இடாப்பின் அந்த மூன்று பக்கங்களையும் பிரதி எடுத்து, மூன்று பேருக்கும் வட்டம் போட்டு, ஓரத்தில் விளக்கம் எழுதிப் பின்னிணைப்பாகச் சேர்த்தேன். யாரும் கேட்காமலே ஒரு வரி கூட எழுதினேன்: "ஒருவர் மீண்டு வந்து இவ்வகுப்பிலேயே தொடர்கிறார்." திட்டத்தின் வெற்றிக்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்!

அந்த வருஷம் இந்த மாவட்டத்தில் எந்த நிறுவனமும் ஒரு கடதாசியையும் இராணுவத்தின் அனுமதி மேசைக்குக் காட்டாமல் அனுப்ப முடியாது. துறையில் தோணி தள்ளுபவனுக்கும் தெரிந்த விஷயம் இது. எனக்குத் தெரியாதா? தெரியும். என் கெட்டித்தனத்தில் மறந்துபோனேன். படித்த முட்டாள் என்று சும்மாவா சொல்கிறார்கள்.

ஐந்து கிழமை கழித்து, ஒரு காலை, அவர்கள் இடாப்புப் பிரதியோடு ஊருக்கு வந்தார்கள். விதுர்ஷாவைப் புனர்வாழ்வு முகாமுக்கென்று வாகனத்தில் ஏற்றினார்கள். எங்கே, எவ்வளவு காலம் என்று சொல்லவில்லை. திரும்பி வராத இருவரின் தாய்மாரிடமும் போய், பிள்ளைகளை எங்கே ஒளித்துவைத்திருக்கிறாய் என்று கேட்டார்களாம். பொய் இடாப்பு எழுதியதற்காக டீச்சரை இரண்டு நாள் இருத்தி விசாரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. ஊர்ப் பிள்ளைகளும் வரவில்லை. எந்தத் தாய் இனித் தன் பிள்ளையின் பேரைக் கொடுப்பாள்?

அதே கிழமை நிறுவனத்தில் எனக்குக் கேக் வெட்டினார்கள். மாலை வகுப்பை இன்னும் ஆறு ஊர்களுக்கு விரிக்கக் காசு வந்திருந்தது. ஒரு துண்டைத் தின்றேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது சீதேவி அலுவலகத்துக்கு வந்தார். செங்கலடியில் பஸ் மாறி வந்திருக்கிறார். கையில் மகளின் பரீட்சை அனுமதி அட்டை, ஈரம் படாமல் பொலித்தீனில் சுற்றியிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் இருக்கமாட்டேன் என்று நின்றார்.

"டீச்சர் ஒண்டும் கதைக்கிறா இல்ல மனே. ஆர் எழுதிக் குடுத்த எண்டு கேட்டாலும் வாய் துறக்கா. ஊருக்க ஆரோ செஞ்ச வேலதான். அவன்ட கை அழுகிப்போகும்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நீங்க எங்கட வகுப்பப் பத்தி எழுதினதாலதான் மேலிடம் காசு தந்ததாம் எண்டாங்க. உங்கட எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு இரிக்காம். என்ட புள்ள நல்ல புள்ள, பரீட்சைய மட்டும் எழுத விடுங்க எண்டு ஒரு கடுதாசி எழுதித் தாங்க மனே. மறுகா கொண்டுபோகட்டும்."

என் வாய் வரைக்கும் வந்தது. நான்தான் அம்மா. என் கைதான். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் இருந்த நம்பிக்கையை உடைக்க எனக்குத் துணிவில்லை என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

நிறுவனத்தின் பேர் போட்ட தாளில் எழுதினேன். ஒழுங்காக எழுதினேன். முத்திரை குத்திக் கொடுத்தேன். சீதேவி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, நான் தடுப்பதற்குள், என்னை விழுந்து கும்பிட்டார்.