பட்டியலின் முதல் வரி

பிழை நளினியுடையது, பழி விழுந்தது அருள்நாதன் தலையில்.

அருள்நாதன் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்காருபவர். பதினெட்டு வருடமாகத் தினக்கூலி. இன்று நிரந்தரமாகும், நாளை நிரந்தரமாகும் என்று காத்திருக்கும் மனிதர். மூன்று வாரத்தில் நான்கு பேர் ஹட் பே தீவுக்குக் கப்பலேறப் போய், டிக்கெட் கேன்சல் ஆகிவிட்டது என்று கப்பல்துறையிலிருந்து திரும்பியிருந்தார்கள். நால்வருமே அந்தந்தக் கப்பலுக்கு முதல் ஆளாக டிக்கெட் வாங்கியவர்கள். விடியுமுன் வந்து கால்கடுக்க நின்றவனுக்கே இடமில்லை என்றால் ஊர் சும்மா இருக்குமா? அருள்நாதன் வேண்டியவர்களுக்கு இடம் மாற்றிக் கொடுக்கிறார் என்று பேச்சுக் கிளம்பி, விசாரணை வைத்துவிட்டார்கள்.

அந்த டிக்கெட் மென்பொருளை எழுதியவள் நளினி. "நம்ம ஸாஃப்ட்வேர் பக்கான்னு பாத்து எழுதிக் குடுத்துட்டு வாம்மா," என்று புதன்கிழமை அவளைக் கவுண்டருக்கு அனுப்பினார் அவள் முதலாளி குழந்தைவேலு.

அருள்நாதனுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ஒருவர் டிக்கெட்டைக் கேன்சல் செய்ய வந்தார். அருள்நாதன் பட்டியலில் பதினோராவது வரியைத் தேர்ந்தெடுத்தார். உடனே பொத்தானை அழுத்தவில்லை. கம்ப்யூட்டரில் மென்பொருள் ஜன்னலின் ஓரத்தை மௌஸால் பிடித்திழுத்துப் பாதித் திரைக்குச் சுருக்கிவிட்டு, மறுபாதியில் கப்பல் நேரம் வரும் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தார்.

"இது எதுக்கு அண்ணே?"

"கப்பல் நேரம் மாறியிருந்தா அந்த ஆளு மனசு மாறலாம்லா யம்மா? கேட்டுட்டுதான் கேன்சல் பண்ணுவேன். மத்த கவுண்டர்ல இதெல்லாம் பாக்க மாட்டாவ."

நளினியின் கண் பட்டியலுக்குப் போனது. ஜன்னலின் அளவு மாறினால் பட்டியலை அழித்து, புதிய அகலத்துக்கு மறுபடி நிரப்பு என்று எழுதியிருந்தவள் அவள்தான். மறுபடி நிரப்பினால் தேர்வு முதல் வரிக்குப் போய்விடும். திரையிலும் அதுதான் நடந்திருந்தது. அருள்நாதனின் கண்ணோ வாட்ஸ்அப்பில். கேன்சலை அழுத்தினால் 'ரத்து செய்யலாமா?' என்று மட்டும் கேட்கும். யாருடையதை என்று கேட்காது. அந்தச் சோம்பேறித்தனமும் அவளுடையதே. டெலானிபூரில் இருக்கும் தன் ஆபீஸில் அவள் ஒருநாளும் ஜன்னலைச் சுருக்கிப் பார்த்ததில்லை. அக்கறையாக வேலை செய்த ஒரே மனிதர் அந்தக் குழியில் போய் விழுந்திருக்கிறார்.

"இருங்க அண்ணே, நான் ஒரு டெஸ்ட் பண்ணிக்கறேன்," என்று மௌஸை வாங்கிச் சரியான வரியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். பிழையை முதலாளியிடம்தான் போய்ச் சொன்னாள்.

குழந்தைவேலு கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். "ரெண்டு வரி மாத்தணும், அவ்வளவுதானே? சத்தமில்லாம மாத்திடு. வெளிய தெரிஞ்சா கான்ட்ராக்ட் போச்சு. அந்தாளைத் திட்டிட்டு விட்டுடுவாங்க."

அன்று மாலையே மாற்றினாள். தேர்ந்தெடுத்த வரியை நினைவில் வைத்துக்கொள், நிரப்பி முடித்ததும் திருப்பி வை. நிஜமாகவே இரண்டே வரி. வியாழக்கிழமை முழுக்க விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கிடந்தாள். மனசாட்சி கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்தது அவளுக்கு.

வெள்ளிக்கிழமை காலை பழைய மென்பொருளை லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு விசாரணை அதிகாரி பாலகுமாரின் அறைக்குப் போனாள். அருள்நாதனையும் வரவழைத்தாள். பதினோராவது வரியைத் தேர்ந்தெடுத்து ஜன்னலைச் சுருக்கினாள். தேர்வு முதல் வரிக்குத் தாவியது. பாலகுமார் தானே மூன்று தடவை இழுத்துப் பார்த்தார்.

"என் தப்புதான் ஸார். இவர்மேல ஒண்ணுமில்ல."

பாலகுமார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ஃபைலைத் திறந்தார். "ஆனா, நான்தான் செஞ்சேன், வேலைய விட்டுப் போறேன்னு இவரே எழுதிக் குடுத்துட்டாரேம்மா. மேல அனுப்பியாச்சு. இது காப்பி."

நளினி அருள்நாதனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எழுதிக் குடுத்தா போலீஸ் கேஸ் இல்லன்னாவ," என்றார் அவர். "எம் பொண்டாட்டி ஜாக்குலினும் கையெழுத்துப் போட்டுட்டு வாங்கன்னுட்டா. அவளே நம்பிட்டா, யம்மா." பிறகு திரையைப் பார்த்தபடி கேட்டார். "இது உனக்கு எப்பம் தெரியும்?"

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் நளினிக்கு முதலில் தோன்றியது.

"புதன்கிழம, அண்ணே. உங்க பக்கத்துல உக்காந்திருந்தப்பவே."

அருள்நாதன் கோபப்படவில்லை. அந்தக் காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்து, தன் கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதியை விரலால் தொட்டுக் காட்டினார். நேற்றைய தேதி, வியாழக்கிழமை.