நாற்பது வரி மிச்சம்

சின்னக்கானலில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இருபத்தாறு வருஷம் மெஷின் ஓட்டிய ஈஸ்வரனுக்கு நுரையீரல் கெட்டுப்போயிற்று. ஓணத்தைத் தாண்டுவது சந்தேகம் என்று மே மாதமே டாக்டர் சொல்லிவிட்டார்.

ஈஸ்வரன் சாவுக்குப் பயந்ததைவிட வீட்டிலிருந்த ஒரே போனுக்குத்தான் அதிகம் பயந்தான். மனைவி ராமலட்சுமி எட்டாவது வரை தமிழில் படித்தவள். போனில் நெட் பார்க்கிற பிரவுசரோ பாதி இங்கிலீஷில் பேசும். அது ஏதாவது கேட்டால் போதும், போனைக் கொண்டுவந்து அவனிடம் நீட்டுவாள். ஆஸ்பத்திரி டோக்கன், ரேஷன் கார்டு எல்லாம் அதற்குள் போய்விட்ட காலம். பிள்ளைகுட்டி கிடையாது. தான் போன பிறகு எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் நின்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் அவள் போனை நீட்டுவாளே என்ற நினைப்பு அவன் நெஞ்சை அரித்தது.

அந்தப் பிரவுசரைச் சம்பளமில்லாமல் யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம் என்று தெரிந்ததும் சேர்ந்துகொண்டான். தமிழுக்குப் பொறுப்பு கல்பாத்தியில் பாங்க் வேலை பார்க்கும் பவ்யா. இவன் எழுதியதை அவள் சரிபார்ப்பாள்.

வேலை லேசில் நகரவில்லை. நூற்றுக்கணக்கான வரிகளோடு ஃபைல் வரும். எந்த வரி திரையில் எங்கே வரும் என்று தெரியாமல் குருட்டாம்போக்கில் எழுத வேண்டும். ஒரு குறி விட்டுப்போனால் மொத்த ஃபைலும் திரும்பி வரும். எல்லாம் சரியாக இருந்தாலும் புதுப் பதிப்பு வர ஆறு வாரம். கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஆறு வாரம் ஒரு பொருட்டா? ஈஸ்வரன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

ஜூலையில் ஒரு காலை பவ்யா கூப்பிட்டாள்.

"அண்ணா, புதுசா ஒரு வழி வந்திருக்கு, கேட்டேளா. இனிமே ஃபைலே வேண்டாம். திரையில இருக்கற வார்த்தையத் தொட்டு அங்கேயே தமிழ் எழுதலாம். நான் பாத்து சரின்னா, சாயங்காலமே எல்லார் ஃபோன்லயும் வந்துடும்."

ஈஸ்வரனுக்கு அழுகை வந்தது. இருமல் என்று சொல்லிச் சமாளித்தான்.

அதன்பிறகு மூக்கில் ஆக்சிஜன் குழாய், நெஞ்சின்மேல் போன் என்று கிடந்தான். 'இருப்பிட அணுகலை அனுமதி' என்று பவ்யா திருத்தினால், "எங்க வீட்டம்மாவுக்குப் புரியாதும்மா" என்று மல்லுக்கு நின்று, 'நீங்கள் இருக்கும் இடத்தை இந்தப் பக்கத்துக்குச் சொல்லலாமா?' என்று மாற்ற வைத்தான். மூன்றே வாரத்தில் நாற்பது வரிதான் மிச்சம்.

ஆனால் ராமலட்சுமி போனை நீட்டுவதை நிறுத்தவில்லை. "என்னங்க, இது என்ன கேக்குது?" அது தமிழில்தான் கேட்டது. இவளுக்குக் கண் சரியில்லையோ, எழுத்தே மறந்துவிட்டதோ என்று கலங்கினான். இத்தனை பாடும் வீணா?

ஒரு மத்தியானம் தூக்கம் கலைந்து கண்ணைத் திறந்தான். ஜன்னலோரம் நின்று அவள் ஆஸ்பத்திரி டோக்கன் எடுத்துக்கொண்டிருந்தாள். போன் ஏதோ கேட்டது. படித்தாள், வேண்டாம் என்று அழுத்தினாள். இன்னொன்று கேட்டது. சரி என்றாள். ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. எல்லாம் முடிந்ததும் அவனருகில் வந்து போனை நீட்டினாள்.

"என்னங்க, இது என்ன சொல்லுது?"

"ஒனக்குத்தான் படிக்கத் தெரியுதுல்ல? இப்பப் பாத்தேனே."

ராமலட்சுமி கட்டிலில் உட்கார்ந்தாள்.

"தெரியும். பத்து நாளாவே தெரியும்," என்றாள். "எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னா நீங்க நிம்மதியாப் போயிருவீங்க. அதான் சொல்லல."

ஈஸ்வரன் போனை வாங்கினான். அவனே எழுதிய வரி. 'நீங்கள் கேட்ட தாள் வந்துவிட்டது. திறக்கலாமா?' அதை நிறுத்தி நிதானமாக அவளுக்குப் படித்துச் சொன்னான். அவள் தலையாட்டிக் கேட்டாள்.

அவன் கையிலிருக்கும்போதே போன் அடித்தது. பவ்யா.

"அண்ணா, நாப்பது வரிதானே பாக்கி? இன்னிக்கே முடிச்சுடலாமா?"

ராமலட்சுமி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவசரமில்லம்மா," என்றான் ஈஸ்வரன். "மெதுவாப் பாப்போம்."