மருதைக்கு இரண்டு ஆம்பியர்

கல்யாணத்தன்றே மருதையின் உடம்பில் பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட் இருந்தது. பாலக்கரையில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் ஆனந்தவள்ளி, மாலை மாற்றிய கையோடு மாப்பிள்ளையின் இரண்டு கட்டைவிரல்களிலும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டாள். கார் பேட்டரிக்கு அது முழுச் சார்ஜ். யாரும் வியக்கவில்லை, பௌதிகம் படித்த பெண் பேட்டரி சுமப்பதுதான் சொந்தக்காரர்களுக்கு வியப்பு. "டிகிரி வாங்கிட்டு ஆசிட்ல கைய விடுறியே" என்ற பெரியப்பாவிடம், "வண்டி நின்னுபோனா என்கிட்டதான பெரியப்பா தள்ளிட்டு வரணும்" என்றாள்.

பேட்டரிகளில் தண்ணீர் ஊற்றும் ரகம் உண்டு. மூடியைத் திறந்து அமிலத்தின் அடர்த்தியை அளக்கலாம். மூடியே திறக்காத ரகத்தில் சின்னக் கண் ஒன்று இருக்கும். பச்சையென்றால் நலம், கறுத்தால் சார்ஜ் ஏற்றவேண்டும். மணிக்கொரு டீ கேட்ட மருதையைத் தண்ணீர் ரகத்தில் சேர்த்தாள். ஸ்ரீரங்கம் வரும் பக்தர்களுக்கு வாடகைக் கார் ஓட்டுகிறவன். வாசலில் வண்டியை நிறுத்தியதும் சிரித்துக்கொண்டே விரல்களை நீட்டுவான். மூன்று வருஷமும் முழுச் சார்ஜ்தான் காட்டியது.

போன ஆடியில் கொள்ளிடம் பாலத்தில் ஓட்டும்போதே கண்ணயர்ந்து, கைப்பிடிச் சுவரை உரசி நின்றான். யாருக்கும் அடியில்லை. மறுநாளும் கிளம்பினான். "நீதான அளந்த? ஃபுல்லுதான?"

ஆனந்தவள்ளிக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடி நின்ற சூட்டில் அளந்தால் எந்தப் பேட்டரியும் பொய் சொல்லும். நாலு மணி நேரமாவது சும்மா கிடந்தபிறகுதான் உண்மை தெரியும். இதற்காகக் கடைக்கு வருகிறவர்களையெல்லாம் திட்டித் தீர்ப்பவள், வீட்டு மனுஷனை மூன்று வருஷமாகச் சூட்டோடு அளந்திருக்கிறாள். சாவியைப் பிடுங்கினாள்.

"உக்காருங்க."

"சமயபுரம் சவாரி நிக்குது வள்ளி."

"நிக்கட்டும்."

இரண்டாம் மணியில் சிரிப்பு போனது. மூன்றாம் மணியில் தோள் இறங்கியது. நாலாம் மணியில் மீட்டர் பதினொன்று புள்ளி ஏழு காட்டியது. ஒன்றுமே இல்லை என்று அர்த்தம்.

"எத்தன நாளாங்க இப்படி?"

"ரெண்டு வருஷம் இருக்கும். ஃபுல்லுன்னு நீ சொல்றப்ப உன் மூஞ்சி நல்லாருக்கும். அதான் சொல்லல."

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்தினாள். கத்திக்கொண்டே அவன் தலைக்கு அடியில் தன் துப்பட்டாவை மடித்து வைத்தாள்.

அடியோடு இறங்கியதை வேகமாக ஏற்றினால் கெட்டுவிடும். அவனைக் கடை பெஞ்சில் படுக்கவைத்து, விரல்களில் கிளிப் மாட்டி, இரண்டு ஆம்பியரில் மெதுவாக ஏறும்படி போட்டாள். மூன்றாம் நாள் பன்னிரண்டு புள்ளி இரண்டு, பாதி. மருதை குறட்டை விட்டான். வாடிக்கைக்காரரான ஸ்ரீரங்கத்து அழகிரி சார்ஜ் ஏற்றப் பேட்டரியைச் சுமந்து வந்தார். கடையில் இருப்பது ஒரே சார்ஜர். பெஞ்சைப் பார்த்தார், மருதையின் கால்மாட்டில் பேட்டரியைச் சத்தமில்லாமல் இறக்கினார்.

"அவரு மொதல்ல ஏறட்டும்மா. எனக்கு வெள்ளிக்கிழமை போதும்."