சின்னத்தின் அடியில் ஒரு வரி

இளம்பரிதி கடைசி விடுப்பில் வந்தபோது தன் கப்பலின் சின்னத்தைக் கொண்டுவந்து டிவிக்கு மேலே மாட்டினான். கேடயம் போல வெட்டிய மரப்பலகை. அதில் பித்தளையில் மூன்று அலைகள், மேலே அலகில் கயிறு கவ்விய மீன்கொத்தி, அடியில் சமஸ்கிருதத்தில் ஒரு வரி. அப்போது யாரும் அந்த வரிக்கு அர்த்தம் கேட்கவில்லை. இது காக்காயா என்றுதான் அம்மா தனம் கேட்டாள். "காக்காய்க்கு எவன்மா நேவில வேலை குடுப்பான்" என்றான்.

ஐப்பசிப் புயலில், நடுக்கடலில், மேல்தளத்தில் நின்றவனை அலை இழுத்துப் போனது. ஆறாம் நாள் சென்னையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து சொன்னார்கள். உடல் கிடைக்கவில்லை.

அன்று மாலை தனம் பலகையைக் கழற்றி எதிர் குவார்ட்டர்ஸ் இந்தி டீச்சர் விஜயலட்சுமியிடம் கொண்டுபோனாள். 'ஒருவரையும் விட்டுவிட்டுத் திரும்பமாட்டோம்' என்று எழுதியிருப்பதாக டீச்சர் சொன்னார். தனம் அதை, கப்பல் தன்னிடமே கொடுத்த வாக்காக எடுத்துக்கொண்டாள். பங்காளிகள் கருமாதிக்கு நாள் கேட்டபோது, "தேடிக்கினு இருக்காங்க. அதுக்குள்ள என்னா கருமாதி?" என்றாள்.

தேடுதல் ஐந்தாம் நாளே நின்றுவிட்டது என்று அதிகாரிகள் கொடுத்த இங்கிலீஷ் கடிதத்தில் இருந்தது. அவள் கணவர் வைத்திலிங்கம் அதை அவளிடம் சொல்லாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சுரங்கத்துக்கு ஷிப்ட் போய்வந்தார்.

இருபத்திரண்டாம் நாள், அதே கப்பலில் வேலை பார்க்கும் விஷ்ணு, இளம்பரிதியின் இரும்புப் பெட்டியை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். தனம் அவனுக்கு இலை போட்டாள். பரிமாறும்போதே பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்க இருந்துச்சு தம்பி?"

"அவன் படுக்கைக்கு அடியிலதாம்மா."

"கப்பல்லயா?"

"ஆமாம்மா."

"அப்ப கப்பல் வந்துடுச்சா?"

வைத்திலிங்கம் கண்ணைக் காட்டினார். விஷ்ணு கவனிக்கவில்லை. வந்து இரண்டு வாரம் ஆகிறது, புயலில் அடிபட்ட இடங்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றான்.

தனம் ரசப் பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். எல்லாரும் வந்தாச்சா என்று கேட்டாள். விஷ்ணுவுக்கு அப்போதுதான் புரிந்தது.

பங்காளிகளுக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று கணவரிடம் சொல்லிவிட்டு, விஷ்ணுவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தத் தண்ணி ரொம்ப சில்லுனு இருக்குமா?"

"இல்லம்மா. வெதுவெதுன்னுதான் இருக்கும்."

இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவள் தலையசைத்து, அவன் போதும் என்று கை மறித்தும், இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.