ஒத்திகைப் புயல்

செவ்வாயில் காற்று மெலிசு. நம் காற்றின் அடர்த்தியில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். அங்கே சூறாவளி அடித்தாலும் முகத்தில் யாரோ விசிறியதுபோல்தான் இருக்கும். ஆனால் தூசி இருக்கிறதே, அதுதான் எமன். வெயிலில் தூசி சூடாகும். அது காற்றைச் சூடாக்கும். சூடான காற்று வேகமெடுத்து இன்னும் தூசியைக் கிளப்பும். இப்படியே வளர்ந்து சில சமயம் கோளையே மூடிவிடும்.

அந்த மண்ணில் சூரியத் தகடுகளோடு ஒரு வண்டி நின்றது. தூசி அடர்ந்தால் மின்சாரம் குறையும், பேட்டரி தீரும், வண்டி குளிரில் விறைத்துச் செத்துவிடும். முன்கூட்டியே ‘உறங்கு’ என்று கட்டளை அனுப்பினால் கருவிகளையெல்லாம் நிறுத்திவிட்டு, மிச்ச மின்சாரத்தில் வயிற்றை மட்டும் சூடாக வைத்துக்கொண்டு பிழைத்துக்கொள்ளும்.

வண்டியைப் பார்த்துக்கொண்ட வானிலைக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. காவலில் இருப்பவர் அசந்துவிடக் கூடாதென்று, வரும் தரவுக்குள் எப்போதாவது ஒரு பொய்ப் புயலைக் கலப்பார்கள். கலந்தவர் வாய் திறக்கக் கூடாது. காவலில் இருப்பவர் கட்டளையைத் தயாரித்த பிறகே, கலந்தவர் “ஒத்திகை” என்று உடைப்பார்.

குழுத் தலைவர் கலந்த முதல் பொய்ப் புயலில் சிக்கியவள் அவருடைய மச்சினிதான், மனைவியின் தங்கை. பதறிப்போய்க் கூட்டத்துக்குள் ஓடினாள். அவர் சிரித்தார். நிஜப் புயலென்றால் பகல் குளிரும், இரவு வெதுவெதுப்பாகும். வெளிச்சத்தை மட்டும்தான் குறைத்திருந்தேன், அதுகூடப் பார்க்கத் தெரியவில்லையா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அன்றிலிருந்து அவள் பெயர் ‘புயலக்கா’. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்னொரு தடவை இப்படிக் கூப்பாடு போட்டால் மூட்டை கட்டவேண்டியதுதான் என்று, அவள் தங்கியிருந்த அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், அக்கா முன்னால் சொன்னார்.

அடுத்த பருவத்தில், தன்னையும் சோதிக்கட்டுமே என்று கலக்கும் பொறுப்பைக் குழுவின் இன்ஜினியரிடம் கொடுத்தார். இன்ஜினியர் விடுப்பில் மலைப்பக்கம் போனார், போன் கிடைக்கவில்லை. எதையாவது கலந்துவிட்டுப் போனாரா என்று யாருக்கும் தெரியாது.

அவள் காவலில் இருந்த அந்த வாரம் தகட்டின் மின்சாரம் சரிந்தது. தூசி தகட்டின் மேல் படிந்திருக்கிறதா, காற்றில் மிதக்கிறதா? அதற்கு ஒரு வழி உண்டு: வண்டி நேராகச் சூரியனைப் படமெடுக்கும். படத்தில் சூரியன் மங்கியிருந்தால் தூசி காற்றில்தான். மங்கியிருந்தது. பகல் குளிர்ந்திருந்தது, இரவு வெதுவெதுத்திருந்தது. செவ்வாயைச் சுற்றும் விண்கலத்தின் படம் வந்தால் சந்தேகமே தீர்ந்துவிடும். அது மறுநாள்தான் வரும்.

அவள் தலைவரிடம் போனாள்.

“இன்ஜினியர் என்னை மாதிரி இல்ல. வெப்பநிலையையும் சேர்த்தே பண்ணியிருக்கான்,” என்றார் அவர், ரசித்து.

“மாமா, இது ஒத்திகை இல்லன்னா?”

“ஆபீஸ்ல மாமா கிடையாது. அனுப்பணும்னா அனுப்பு. வண்டி ஒரு வாரம் சும்மா தூங்கும். நீ அதுக்கப்புறம் நிரந்தரமா வீட்ல தூங்கலாம்.”

நாலு பேர் சிரித்தார்கள். “புயலக்கா, குடை இருக்கா?” என்றான் ஒருவன்.

கட்டளை திரையில் தயாராக இருந்தது. விரலை வைத்தாள், எடுத்தாள். இன்ஜினியரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாள். செய்தியைக் கொண்டுசேர்க்கும் விண்கலம் வண்டியின் தலைக்கு மேல் வந்தது, கட்டளை இல்லாமலே கடந்து போனது.

மறுநாள் வண்டியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. விண்கலத்தின் படத்தில் வண்டி நின்ற பகுதியே தெரியவில்லை; ஒரே பழுப்பு. மலையிலிருந்து இறங்கிய இன்ஜினியர் பஸ்ஸிலிருந்தே பேசினார்: “நான் இன்னும் எதையும் கலக்கவே இல்லையே.”

விசாரணை சீக்கிரம் முடிந்தது. காவலில் இருப்பவர் யாரையும் கேட்காமல் கட்டளை அனுப்பலாம் என்பது விதி. தலைவர் அதை மட்டும் நிதானமாகச் சொன்னார். சிரித்த நாலு பேரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

அவள் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள்.

“அவர் சரியாவே சாப்பிடல. அந்த வண்டி அவருக்குப் பிள்ளை மாதிரி. போய் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுட்டு வா.”

“நான் சொன்னேன் அக்கா.”

“அழுத்திச் சொல்லியிருந்தா கேட்டிருப்பார்.”

அவள் போனாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மன்னிச்சிடுங்க மாமா என்றாள். அவர் திரும்பவில்லை.

“இப்ப மட்டும் வாய் வருதா?”